வலிக்காத இடங்கள்

உறுப்புகளுக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல், நேராகப் பார்த்துவிட நம் உடலில் விழித்திரையை விடத் தெளிவான இடம் கிடையாது. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் அது. 1851-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்மணி வழியாக ஒளியைச் செலுத்தி அந்தப் படலத்தைப் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளிலேயே வியன்னாவில் எட்வர்ட் யேகர் என்ற கண் மருத்துவர் ஒரு சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் மஞ்சள் திட்டுகளையும் இரத்தக் கசிவையும் கண்டு படமாக வரைந்தார். இவை சர்க்கரையால் வந்தவை என்பதை அன்று பலரும் ஏற்கவில்லை. நோய் வந்தவர்கள் நெடுநாள் பிழைத்திருக்காத காலம் அது. முப்பது ஆண்டுகள் சர்க்கரையோடு வாழ்ந்தவரின் கண் எப்படியிருக்கும் என்று காட்ட ஆளே இல்லை.

இன்று அப்படிப்பட்டவர்கள் மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முப்பத்தைந்து, நாற்பது வயதில் 'சுகர் இருக்கு' என்று தெரிந்து, மாத்திரையோடு பிள்ளைகளை வளர்த்து, பேரன் பேத்தி எடுத்து, எழுபதைத் தாண்டியவர்கள். இது மருத்துவத்தின் பெரிய வெற்றி. ஆனால் அந்த நீண்ட ஆண்டுகளில்தான் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் கெடுகின்றன, அதுவும் வலியே இல்லாமல். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வலியின்மையைப் பற்றியதுதான்.

கண்ணிலிருந்து தொடங்குவோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும், மருத்துவர் விழித்திரையைப் பார்க்கிறார். குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் அங்கங்கே தெரிகின்றன. எதிரே அமர்ந்திருப்பவருக்கோ ஒரு குறையும் இல்லை. தினசரியில் வரும் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. 'எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு டாக்டர்' என்று அவர் சொல்வது பொய்யல்ல. புள்ளிகளும் பொய்யல்ல.

அந்தப் புள்ளிகள் என்ன? 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டேவிட் கோகன், தோய்ச்சிரோ குவபாரா என்ற இருவர் இதற்கு அழகான வழி கண்டார்கள். இறந்தவர்களின் விழித்திரையை எடுத்து, புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதியில் ஊறவைத்தார்கள். நரம்புத் திசு கரைந்துபோக, இரத்தக் குழாய்களின் வலை மட்டும் மிஞ்சியது. அதைக் கண்ணாடித் தகட்டில் விரித்துச் சாயமேற்றிப் பார்த்தார்கள். நல்ல விழித்திரையில், மிக நுண்ணிய குழாயைச் சுற்றி பெரிசைட் என்ற செல்கள் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். குழாய்க்கு வலுக்கொடுப்பவை அவைதான். சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் அந்தச் செல்கள் இருந்த இடத்தில் வெற்றுக் கூடுகள் மட்டுமே இருந்தன. பிடிமானம் இழந்த சுவர் அங்கங்கே பிதுங்கியிருந்தது. மருத்துவர் பார்க்கும் சிவப்புப் புள்ளி அந்தப் பிதுக்கம்தான்.

பிதுங்கிய சுவர் கசியத் தொடங்குகிறது. நீரும் கொழுப்பும் இரத்தமும் வெளியேறித் தேங்குகின்றன. பார்வையின் மையமான மாக்குலாவில் நீர் கோத்துக்கொண்டால் எழுத்து கோணலாகவும் மங்கலாகவும் தெரியும். தேங்குமிடம் ஓரமாக இருந்தால் எதுவுமே தெரியாது. இதற்கிடையே சில நுண்குழாய்கள் அடைபட்டுப்போகின்றன. இரத்தம் கிடைக்காத விழித்திரைப் பகுதி வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது. பிழைக்க உடல் செய்யும் முயற்சி அது. ஆனால் அவசரத்தில் முளைத்த குழாய்கள் உறுதியற்றவை. ஒருநாள் காலை அவற்றில் ஒன்று உடைந்து கண்ணுக்குள் இரத்தம் பரவும்போதுதான் நோயாளி முதன்முறையாகப் பதறி ஓடிவருகிறார். முதல் சிவப்புப் புள்ளிக்கும் அந்தக் காலைக்கும் இடையில் பல ஆண்டுகள் ஓடியிருக்கும். அத்தனை ஆண்டுகளும் தடுத்திருக்கக்கூடிய ஆண்டுகள்.

எல்லாச் செல்களுக்கும்தான் சர்க்கரை போகிறது. இவை மட்டும் ஏன் கெடுகின்றன? மதுரைப் பக்கத்துக் கண்மாயைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லலாம். பெரும்பாலான செல்கள் மடை உள்ள வயல் மாதிரி: இரத்தத்தில் சர்க்கரை பெருகினால் தமக்குள் வரும் அளவைக் குறைத்துக்கொள்ளும். இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள், சிறுநீரக வடிகட்டியின் செல்கள், நரம்புக்கு உறையாகும் செல்கள் ஆகியவற்றுக்கு மடையை அடைக்கத் தெரியாது. வெளியே எவ்வளவு ஏறுகிறதோ உள்ளேயும் அவ்வளவு ஏறும். அந்த மிகைச் சர்க்கரையை எரிக்கும்போது செல்லின் ஆற்றல் நிலையங்களில் சூப்பர்ஆக்சைடு என்ற வினைத்துடிப்பான மூலக்கூறு பெருகி, பல வழிகளில் செல்லைச் சிதைக்கிறது. தனித்தனியாக அறியப்பட்டிருந்த இந்த வழிகளை ஒரே மூலத்தோடு இணைத்து 2001-இல் விளக்கியவர் நியூயார்க்கின் மைக்கேல் பிரவுன்லீ. கண், சிறுநீரகம், நரம்பு மூன்றும் ஒன்றுபோலப் பாதிக்கப்படுவதன் பொருள் இதில் இருக்கிறது. கண்ணில் புள்ளிகள் தெரிந்தால் கண்ணுக்கு மட்டும் மருத்துவம் பார்த்துவிட்டுப் போய்விட முடியாது.

இனி சிகிச்சையின் கதைக்கு வருவோம். 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் பல்லாயிரம் கண்புரை அறுவைகள் செய்தவர். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகளுக்காகவே அந்த மருத்துவமனை எழுந்தது. முகாம்கள், இலவச அறுவை, பின்னாளில் மலிவு விலையில் செயற்கை லென்ஸ் என்று அது வளர்ந்த கதை உலகறிந்தது. தற்செயலாக அதே 1976-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு முக்கியமான ஆய்வு முடிவு வந்தது. சர்க்கரையால் புதுக் குழாய்கள் முளைத்த கண்களில் லேசர் வைத்தால், கடுமையான பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்றது அது.

இந்த இரண்டு நோய்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கலின் ஆழம் புரிகிறது. கண்புரை வந்தவருக்குப் பார்வை மங்குகிறது. தானே மருத்துவமனை தேடி வருகிறார். அறுவை முடிந்து கட்டுப் பிரித்ததும் உலகம் தெளிவாகத் தெரிகிறது. ஊருக்குப் போய்ப் பத்துப் பேரை அனுப்புகிறார். சர்க்கரை விழித்திரை நோயில் எல்லாமே நேர்மாறு. நன்றாகத் தெரியும்போது வரவேண்டும். லேசர் வைத்த பிறகு பார்வை கூடாது. விழித்திரையின் ஓரப்பகுதியைச் சுட்டு, அதன் ஆக்ஸிஜன் தேவையைக் குறைத்து, நடுப்பகுதியைக் காப்பாற்றுவதே லேசரின் வேலை. இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் கொஞ்சம் குறையவும் கூடும். 'லேசர் வச்சும் ஒண்ணும் தெரியலையே' என்று நோயாளி ஊரில் போய்ச் சொன்னால், அடுத்தவர் வரமாட்டார். அந்தச் சிகிச்சையால் அவர் இழக்காமல் இருந்த பார்வையை யாருக்கும் காட்ட முடியாது. விழித்திரை மருத்துவத்தில் விளக்கிச் சொல்வதும் சிகிச்சையின் பாதி என்று நான் கருதுவது இதனால்தான்.

எத்தனை பேருக்கு இது வருகிறது? சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரையில் பாதிப்பு இருந்தது. மதுரைக்கு மேற்கே தேனி மாவட்டத்தில், அரவிந்தின் டாக்டர் பெ. நம்பெருமாள்சாமி குழுவினர் கிராமம் கிராமமாகச் சென்று பார்த்து 2009-இல் வெளியிட்டதில் அது சுமார் 12 விழுக்காடு. இவை சிறிய எண்களாகத் தோன்றலாம். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின் கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு. ஆண்டுகள் ஏற ஏற ஆபத்தும் ஏறும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1980-களில் நடந்த ஆய்வில், நோய் வந்து இருபது ஆண்டு கடந்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் விழித்திரையில் ஏதோவொரு பாதிப்பு இருந்தது. அதில் பெரும்பகுதி ஆரம்ப நிலைதான். பார்வையைப் பறிப்பது சிறு பகுதி. அந்தச் சிறு பகுதி யார் என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ தினக்கூலிக்குப் போகும் ஒருவர் விழித்திரையைக் காட்ட மதுரைக்கு வருவதென்றால் அன்றைய கூலி போகும். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் இருப்பது தெரியாது, வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவர் வரவேண்டும், அவர் கூலியும் போகும். வலியில்லாத, குறையில்லாத கண்ணுக்காக இவ்வளவும். வராதவர்களை அலட்சியக்காரர்கள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தத் தூரத்தைக் குறைக்க அரவிந்த் எடுத்த வழி பார்வை மையம். சிற்றூர்க் கடைத்தெருவில் ஒரு சிறு இடம். பயிற்சி பெற்ற பணியாளர்கள். மருத்துவர் தொலைவில் திரைவழி. 2000-களின் நடுவில் தேனிப் பக்கத்தில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமைத்த நெடுந்தூர வைஃபை வழியாக இவை மருத்துவமனையோடு பேசின. இன்று மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன. விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா அங்கே இருந்தால், படம் பெரிய மருத்துவமனைக்குப் போகும். பாதிப்பு இருப்பவர் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

அந்தப் படங்களையெல்லாம் பார்க்கப் போதிய கண் மருத்துவர்கள் இல்லை. இங்கேதான் மதுரை, செயற்கை நுண்ணறிவின் வரலாற்றுக்குள் வருகிறது. கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு நிரலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா படங்களும் அவற்றில் இருந்தன. 2016-இல் முடிவு வெளியானது. ஆய்வகத்தில் ஜெயித்தது ஊரில் ஜெயிக்குமா என்று பார்க்க, அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, மேல்சிகிச்சை தேவைப்பட்டவர்களில் 88.9 விழுக்காட்டினரை அரவிந்தில் அந்த நிரல் சரியாகக் கண்டது. மனிதப் பரிசோதகர்களுக்கு ஈடாகவோ அவர்களை மிஞ்சியோ அது செயல்பட்டது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, விடை வரும் நேரம். முடிவு மறுவாரம் வந்தால் நோயாளி கூட்டத்தில் கரைந்துவிட்டிருப்பார். அவர் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் வந்தால், அவர் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம். பேசிப் புரியவைத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றுவது மட்டும் இன்னும் மனிதர்களின் வேலைதான்.

கண்ணைப் பற்றி இன்னொன்று. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸ் நீர் ஏறி உப்பி, பார்வை தற்காலிகமாக மாறும். அந்த வாரத்தில் கண்ணாடிக் கடைக்குப் போய் எண் மாற்றிக்கொண்டால், சர்க்கரை அடங்கியதும் அந்தக் கண்ணாடி பயன்படாது. புதுக் கண்ணாடி போட்டும் சரியாகவில்லையே என்று தவிக்கும் பலர், சர்க்கரையைப் பார்த்துவிட்டு, விழித்திரையையும் காட்டிவிட்டு, பிறகு கண்ணாடிக்குப் போயிருக்க வேண்டியவர்கள்.

காலுக்கு வருவோம். கால் நரம்பு உடலிலேயே நீளமானது. இடுப்புப் பக்கத்திலிருந்து விரல் நுனி வரை ஓடும் அந்த இழைகளில் நுனிதான் முதலில் கெடும். ஆரம்பத்தில் எரிச்சல், பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு. பிறகு எரிச்சலும் நின்றுவிடும். 'இப்ப எரிச்சல் இல்லை, சரியாப்போச்சு' என்று நிம்மதி அடைபவர்கள் இருக்கிறார்கள். சில சமயம் அது நரம்பு முற்றாக மரத்துப்போனதன் அடையாளம்.

மரத்துப்போன கால் ஏன் அழிகிறது என்பதை உலகுக்கு விளக்கியவர் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல்கள் விழுகின்றன என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். பிராண்ட் நோயாளிகளை நாள்முழுதும் கவனித்தார். அடுப்பில் கைபட்டும் எடுக்காதவர்கள், ஆணி குத்திய காலோடு நடப்பவர்கள், தூக்கத்தில் எலி விரலைக் கடித்தும் விழிக்காதவர்கள். வலி இல்லாததே நோய் என்று கண்டார். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணிலும் அதே கதையைக் கண்டு, வேலூரில் கற்றதை அங்கே கற்பித்தார். தொழுநோயாளிகளுக்காகத் தமிழ்நாட்டில் உருவான மென்ரப்பர் செருப்பு இன்று மதுரைக் கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கப்படுகிறது.

மதுரையில் இதைச் சொல்லும்போது வெயிலையும் கோயிலையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. சித்திரை மாத நண்பகலில் மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியின் கல்தளம் எப்படிச் சுடும் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். உணர்வுள்ள கால் துள்ளி நிழலுக்கு ஓடும். மரத்த கால் நிதானமாக நடக்கும். இரவு வீட்டில் பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பழனிக்குப் பாதயாத்திரை போவோரின் கால்களும் அப்படித்தான். நேர்த்திக்கடனின் பாரம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் வெளிப்படையாகவே சொல்கிறேன்: கால் மரத்தவர்கள் வெறுங்காலோடு பாதயாத்திரை போகக் கூடாது. கோயிலுக்கு அதிகாலையில் போங்கள், வெயில் தாழ்ந்து போங்கள், சுடும் தளத்தில் தேங்காய்நார் விரிப்பை விட்டு இறங்காதீர்கள். வெந்நீரில் கால் ஊறவைக்காதீர்கள். கால் ஆணியை வீட்டில் பிளேடால் சீவாதீர்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சோதனை மிக எளிது: பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், கண்ணில் பார்த்ததே அங்கும் நடப்பதால். வடிகட்டிச் சுவர் பழுதாகி, வெளியேறக் கூடாத ஆல்புமின் புரதம் சிறுநீரில் கசிகிறது. பலர் நம்பியிருக்கும் கிரியாட்டினின் சோதனை தாமதமாகவே எச்சரிக்கும். சிறுநீரகத்தின் வேலையில் பாதியளவு போன பிறகுதான் அது தெளிவாக ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் பார்ப்பது அதைவிடப் பல ஆண்டு முந்திச் சொல்லும். 'மாத்திரை தின்னா கிட்னி போயிரும்' என்ற பயம் எங்கள் ஊர்ப்பக்கம் ஆழமாக வேரோடியிருக்கிறது. சிறுநீரகம் கெட்டவர்கள் பெரும்பாலும் நீண்டகாலம் மாத்திரை தின்றவர்களாகவும் இருப்பதால் அந்தப் பயம் இயல்பாகவே எழுகிறது. ஆனால் கெடுத்தது நெடுங்காலச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும். ஜாக்கிரதை வேண்டியது மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கித் தின்னும் வலிமாத்திரைகளிடம். சிறுநீரகத்தையே காக்கும் சர்க்கரை மாத்திரைகளும் இன்று உண்டு; அவற்றில் ஒன்றான எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்து, இந்தியாவில் அதன் விலை பல மடங்கு இறங்கியது.

எவ்வளவு கட்டுப்பாடு எவ்வளவு காக்கும்? முதல் வகை நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 1993-இல் முடிந்தபோது, கடுமையாகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியவர்களில் விழித்திரை பாதிப்பு ஏற்படுவது 76 விழுக்காடு குறைந்திருந்தது. இரண்டாம் வகைக்கு, பிரிட்டனில் இருபது ஆண்டு நடந்த ஆய்வு 1998-இல் நுண்குழாய்ச் சிக்கல்கள் 25 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அதே ஆய்வில் இரத்த அழுத்தத்தைக் குறைத்தவர்களுக்கு 37 விழுக்காடு குறைந்தது. சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டு பிரஷரை விட்டுவிடுபவர்கள் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும். அந்த பிரிட்டன் ஆய்வு முடிந்து ஓராண்டுக்குள், சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய குழுவுக்கும் மற்றக் குழுவுக்கும் சர்க்கரை அளவு ஒன்றாகிவிட்டது. ஆனாலும் தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, பத்தாண்டு கழித்தும் பாதுகாப்பு நீடித்தது. நோய் தெரிந்த முதல் சில ஆண்டுகள் உடலில் பதிந்துவிடுகின்றன.

இறுக்கிப் பிடிப்பதற்கும் எல்லை உண்டு. நெடுநாள் நோயும் இதய ஆபத்தும் கொண்ட 10,251 பேரிடம் சர்க்கரையை மிகக் கீழே இறக்க முயன்ற இன்னொரு ஆய்வு, இறப்பு கூடியதால் 2008-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. எழுபது வயதில் தனியாக இருக்கும் ஒருவருக்கு, சர்க்கரை திடீரென இறங்கி விழுவது பெரிய ஆபத்து. அவருக்கான இலக்கை மருத்துவர் தளர்த்தினால் அது சரியானதே. பல ஆண்டு கவனிக்காமல் விட்ட சர்க்கரையைச் சட்டென்று இறக்கும்போது விழித்திரை பாதிப்பு சில மாதம் கூடலாம் என்பதும் தெரிந்ததே. அதற்காகக் குறைக்காமல் இருக்க வேண்டாம்; கண்ணைக் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சோதனைக்கும் ஒரு குறிப்பு: சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால்தான் அது மூன்று மாதத்தைச் சொல்கிறது. இரும்புச் சத்துக் குறைவான இரத்தசோகையில் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் பெண்களில் பலருக்கு இரத்தசோகை இருப்பதால், எண்ணும் வீட்டுக் கருவியும் ஒத்துப்போகாவிட்டால் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

'எல்லாம் கெட்டாச்சு, இனிமே பார்த்து என்ன' என்று சொல்பவர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் கோபன்ஹேகனில், சிறுநீரில் ஏற்கெனவே ஆல்புமின் கசியத் தொடங்கிவிட்ட 160 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை. மறுபாதிப் பேருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் ஒருசேரக் கவனித்தார்கள். உணவும் நடையும் புகையை விடுவதும் சேர்த்து. ஏறக்குறைய எட்டு ஆண்டு இப்படி நடந்தது. தொடங்கி 21 ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, அந்த மறுபாதியினரின் இடைநிலை ஆயுள் 7.9 ஆண்டு கூடியிருந்தது. பெற்ற ஆண்டுகளில் பெரும்பகுதி மாரடைப்பும் பக்கவாதமும் இல்லாத ஆண்டுகள். அவர்களுக்குக் கொடுத்ததில் அபூர்வமான மருந்து எதுவும் இல்லை. மெட்ஃபார்மின், இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் நின்று வாங்கக்கூடிய மருந்துகள் இவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் பிரஷருக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன.